வரியை நிறுத்தினால் வடிகால் வருமா?

சென்னை மாநகராட்சியின் திருவொற்றியூர் மண்டலத்தில் 140 வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்போர் நலச் சங்கத்தின் செயலாளர் எழுதியிருக்கிறார். சுமார் 300 மீட்டர் நீளமுள்ள அவர்கள் தெருவில் மழைநீர் வடிகால் பாதி தூரம் கட்டி அப்படியே நிற்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழைக்கு வாசற்படி வரை தண்ணீர் ஏறுகிறது. சராசரியாக வீட்டுக்கு அரையாண்டுக்கு 1,800 ரூபாய் சொத்து வரி கட்டுகிறார்கள். கவுன்சிலரைக் கேட்டால், “என் கையில என்னம்மா இருக்கு, ரிப்பன் மாளிகையிலதான் கேட்கணும்” என்கிறாராம். “2011க்கு முன்னால் எங்கள் ஊர் தனி நகராட்சி. எங்கள் பணம் எங்கள் ஊரிலேயே செலவானது. இப்போது இங்கே வசூலித்து வேறெங்கோ செலவு செய்கிறார்கள். 74-வது அரசியல் சட்டத் திருத்தம் உள்ளாட்சிக்கு நிதி உரிமை கொடுத்த பிறகு இது எப்படிச் செல்லும்?” என்பது அவருடைய ஆதங்கம். சங்கக் கூட்டத்தில் மூன்று தீர்மானங்கள் போட்டிருக்கிறார்கள்: அடுத்த அரையாண்டிலிருந்து யாரும் சொத்து வரி கட்டுவதில்லை, மண்டலத்தில் வசூலாகும் வரியை மண்டலத்திலேயே செலவிட உத்தரவு கேட்டு உயர் நீதிமன்றத்தில் வழக்கு, தனி நகராட்சி கேட்டுக் கையெழுத்து இயக்கம். துறைமுகமும் ரயில்வேயும் இவ்வளவு நிலத்தை வைத்திருக்கின்றனவே, அவை வரி கட்டுகின்றனவா என்றும் கேட்டிருக்கிறார்.

அம்மா, முதல் தீர்மானத்தை இன்றைக்கே நிறுத்தி வையுங்கள். மற்ற இரண்டையும் பொறுமையாகப் பேசலாம். வட்டியும் நோட்டீஸும் வரும் என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. மாநகராட்சிக்கு வரும் பணத்தில், இன்ன வேலைக்குத்தான் என்ற கட்டு இல்லாமல் மன்றம் தானே முடிவெடுத்துச் செலவிடக்கூடிய பெரிய தொகை நீங்கள் கட்டும் இந்த வரிதான். உள்ளாட்சிக்கு நிதி உரிமை வேண்டும் என்று கேட்பவர்களே அந்த ஒரு பணத்தை நிறுத்தினால், மாநகராட்சி இன்னும் அதிகமாக மேலே கையேந்த வேண்டியிருக்கும்.

74-வது திருத்தம் கொடுத்ததும் கொடுக்காததும்

1993 ஜூன் 1 முதல் நடைமுறையில் இருக்கும் அந்தத் திருத்தத்தைப் பற்றிப் பலரும் உங்களைப் போலத்தான் நினைக்கிறார்கள். ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல், இடஒதுக்கீடு, மாநில நிதி ஆணையம் ஆகியவற்றை அது கட்டாயமாக்கியது. பணத்தையும் அதிகாரத்தையும் பொறுத்தவரை அதன் மொழி வேறு. 243-டபிள்யூ பிரிவு, மாநிலச் சட்டமன்றம் அதிகாரங்களைச் சட்டத்தின் மூலம் ‘வழங்கலாம்’ என்கிறது. 243-எக்ஸ் பிரிவு, வரி விதிக்க ‘அனுமதிக்கலாம்’ என்கிறது. 12-வது அட்டவணையில் 18 பணிகள் வரிசையாக இருக்கின்றன. அவற்றுக்கான பணம் எங்கிருந்து வரும் என்ற வரிசை எங்கும் இல்லை. எனவே “அரசியல் சட்டம் கொடுத்ததை மாநில அரசு பறித்துக்கொண்டது” என்று மனுவில் எழுதினால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் இந்த ‘லாம்’ என்ற விகுதியைக் காட்டியே பதில் சொல்லிவிடுவார்.

நடைமுறையைப் பாருங்கள். 2016 அக்டோபர் முதல் 2022 வரை சென்னையில் மன்றமே இல்லை. தனி அதிகாரி நிர்வாகம். அந்த இடைவெளியில்தான் 2018இல் சொத்து வரி உயர்த்தப்பட்டது, அந்த உயர்வு 2019 நவம்பரில் நிறுத்தி வைக்கப்பட்டது. இரண்டுமே மாநில அரசின் முடிவு. 2022 ஏப்ரலில் வந்த உயர்வுக்கு ஒன்றிய அரசின் பக்கமிருந்தும் நெருக்கடி இருந்தது. உள்ளாட்சிகளுக்கு மானியம் வேண்டுமானால் சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதத்தை அறிவிக்க வேண்டும், மாநிலப் பொருளாதார வளர்ச்சியை ஒட்டி வசூலும் கூட வேண்டும் என்று 15-வது நிதி ஆணையம் நிபந்தனை போட்டது. 2024 அக்டோபர் அரையாண்டிலிருந்து வந்த 6 சதவீத உயர்வும் அந்த வழியில் வந்ததுதான். தொழில் வரியும் இப்படித்தான். தமிழ்நாட்டில் அதை உள்ளாட்சியே வசூலித்து வைத்துக்கொள்கிறது என்பது நல்ல விஷயம். ஆனால் ஒருவருக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் விதிக்கக் கூடாது என்று அரசியல் சட்டத்தின் 276-வது பிரிவு 1988 முதல் உச்சவரம்பு வைத்திருக்கிறது. மாதம் பல லட்சம் சம்பாதிப்பவரிடமும் அதற்கு மேல் ஒரு ரூபாய் வாங்க முடியாது. ஜிஎஸ்டியில் உள்ளாட்சிக்கென்று சட்டப்படி ஒதுக்கிய பங்கும் கிடையாது.

உங்கள் கடிதத்தில் ஒரு திருத்தம். “அண்ணா நகருக்கும் எங்களுக்கும் ஒரே உயர்வு” என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி இல்லை. 2022இல் பழைய மாநகராட்சிப் பகுதியில் வீடுகளுக்கு 600 சதுர அடி வரை 50 சதவீதமும், 1,200 வரை 75, 1,800 வரை 100, அதற்கு மேல் 150 சதவீதமும் உயர்த்தினார்கள். 2011இல் சேர்ந்த உங்கள் பகுதிகளுக்கு அதே படிகளில் 25, 50, 75, 100 சதவீதம்தான். உங்கள் வீடுகளில் யாருக்காவது பழைய பகுதி விகிதம் போட்டிருந்தால் அது பிழை. ஆட்சேபம் எழுதித் திருத்திக்கொள்ளலாம்.

வரியை நிறுத்தினால் நடப்பது

அரையாண்டு தொடங்கிய 30 நாட்களுக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை, அதிகபட்சம் 5,000 ரூபாய். தாமதமானால் மாதம் 1 சதவீதம் தனிவட்டி. 1,800 ரூபாய் வரிக்கு ஊக்கத்தொகை 90 ரூபாய், வட்டி மாதம் 18 ரூபாய். தொகை சிறியதுதான். ஆனால் கேட்பு நோட்டீஸ் சங்கத்தின் பெயருக்கு வராது, ஒவ்வொரு வீட்டு உரிமையாளர் பெயருக்கும் தனித்தனியாக வரும். பெயர் மாற்றத்துக்கோ வங்கிக் கடனுக்கோ போகும்போது நிலுவை இல்லாத ரசீது கேட்பார்கள். உங்களில் யாராவது நாளை வார்டு தேர்தலில் நிற்க நினைத்தால் மாநகராட்சிக்கு நிலுவை வைத்திருப்பது வேட்புமனுவிலேயே சிக்கலாகும். பத்து வீடு பயந்து கட்டிவிட்டால் சங்கமும் இரண்டாகும்.

கணக்கையும் பாருங்கள். 140 வீடு, 1,800 ரூபாய், ஆண்டுக்கு இரண்டு முறை: 5,04,000 ரூபாய். உங்கள் பக்கம் நடக்கும் கொசஸ்தலையாறு வடிநில மழைநீர் வடிகால் திட்டத்தின் மதிப்பு 3,220 கோடி, நீளம் 769 கிலோமீட்டர். வகுத்தால் கிலோமீட்டருக்கு 4 கோடிக்கு மேல். பெரிய கால்வாய்களும் இதில் சேர்த்தி என்பதால் இது தோராயமான சராசரிதான். ஆனாலும் 300 மீட்டருக்கு ஒரு கோடிக்கு மேல் என்று வைத்துக்கொண்டால், உங்கள் தெருவின் வரி முழுவதையும் சேர்த்தாலும் 20 ஆண்டுக்கு மேல் ஆகும். அதனால்தான் இந்தத் திட்டத்துக்கு ஆசிய வளர்ச்சி வங்கியிடம் கடன் வாங்கினார்கள். இதற்காகவே 2025இல் மாநகராட்சி 200 கோடிக்கு நகராட்சிக் கடன் பத்திரமும் வெளியிட்டது. வட்டி 7.97 சதவீதம், அதாவது ஆண்டுக்குச் சுமார் 16 கோடி. இந்த நகரம் ஒழுங்காக வரி வசூலிக்கும் என்ற நம்பிக்கையில்தான் முதலீட்டாளர்கள் பணம் போடுகிறார்கள். வசூல் சரிந்தால் அடுத்த கடனுக்கு வட்டி ஏறும்.

‘எங்கள் வரி எங்களுக்கே’ என்ற கோரிக்கை

சட்டத்தில் வரி வேறு, கட்டணம் வேறு. கட்டணத்துக்கு ஈடாகச் சேவை வேண்டும் என்று வாதாடலாம். வரிக்கு அப்படிக் கேட்க முடியாது. அது பொதுக் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. மண்டலத்தில் வசூலானதை அங்கேயே செலவிடு என்று நீதிமன்றம் சொல்லாது. அப்படிச் சொன்னால் முதலில் பாதிக்கப்படுவதும் நீங்கள்தான். பெரிய அலுவலகக் கட்டடங்களும் வணிக வளாகங்களும் தென்பகுதியிலும் மத்தியப் பகுதியிலும் அதிகம். அந்த வரி அங்கேயே தங்கிவிட்டால் சிறு வீடுகள் நிறைந்த வடசென்னை மண்டலங்களுக்கு என்ன மிஞ்சும்? நம் பக்கத்துக்குச் சாதகமாக இருக்கக்கூடிய ஏற்பாட்டை நாமே உடைக்கச் சொல்வதாகிவிடும்.

எனவே கேட்பதை மாற்றுங்கள். ஒவ்வொரு மண்டலத்திலும் வசூல் எவ்வளவு, அங்கே செலவான மூலதனத் தொகை எவ்வளவு, வார்டுவாரியாக எவ்வளவு என்று பட்ஜெட்டோடு ஒரே தாளில் வெளியிடக் கோருங்கள். இதற்கு அரசியல் சட்டத் திருத்தமும் வேண்டாம், புதிய சட்டமும் வேண்டாம். மன்றத் தீர்மானம் போதும். கேரளத்தில் ஒவ்வொரு உள்ளாட்சிக்கும் எவ்வளவு என்று மாநில பட்ஜெட்டின் நான்காவது இணைப்பிலேயே அச்சிடுகிறார்கள். என்னைக் கேட்டால், வடசென்னைச் சங்கங்கள் எல்லாம் சேர்ந்து வைக்க வேண்டிய முதல் கோரிக்கை இதுதான்.

இன்னொன்றும் உண்டு. வடசென்னை வளர்ச்சித் திட்டம் 1,000 கோடியில் அறிவிக்கப்பட்டு, 2024 மார்ச்சில் 4,181 கோடியாகத் தொடங்கி வைக்கப்பட்டது. பணம் வந்தது மகிழ்ச்சிதான். ஆனால் அதை முன்னின்று நடத்துவது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம். குடிநீரும் கழிவுநீரும் 1978 முதல் குடிநீர் வாரியத்திடம். மாநகராட்சி மன்றத்தில் நீங்கள் தேர்ந்தெடுத்தவர் இவற்றுக்குக் கணக்குக் கேட்க முடிவதில்லை. கவுன்சிலர் சொன்னது பாதி உண்மை என்பது இதனால்தான். மீதிப் பாதியையும் அவருக்கு நினைவூட்டுங்கள்: மன்றத்தில் கேள்வி கேட்கலாம், மண்டலக் குழுவில் தீர்மானம் கொண்டுவரலாம், வார்டு மேம்பாட்டு நிதி அவர் பரிந்துரைப்படிதான் செலவாகிறது.

துறைமுகமும் ரயில்வேயும்

கடிதத்தில் ஒரு வரியாகக் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு இதுதான் முக்கியமான கேள்வியாகப் படுகிறது. அரசியல் சட்டத்தின் 285-வது பிரிவுப்படி ஒன்றிய அரசின் சொத்துக்கு மாநிலமோ உள்ளாட்சியோ வரி போட முடியாது. ரயில்வேக்கு 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 184-வது பிரிவு கூடுதல் காப்பு: ஒன்றிய அரசு அறிவிக்கை போட்டால்தான் உள்ளாட்சி வரி. ராயபுரம், தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை வழியாக நடந்து பார்த்தால் எவ்வளவு நிலம் இந்தக் கணக்கில் வெளியே நிற்கிறது என்று தெரியும்.

ஆனால் ஒன்றுமே கிடையாது என்றும் இல்லை. ராஜ்கோட் மாநகராட்சி வழக்கில் 2009இல் உச்ச நீதிமன்றத்தில் ஓர் ஏற்பாடு பதிவானது. வரி இல்லாவிட்டாலும் சேவைக் கட்டணம் உண்டு: உள்ளாட்சியின் எல்லாச் சேவைகளையும் பெற்றால் சொத்து வரியில் 75 சதவீதம், ஓரளவு பெற்றால் 50, எதுவுமே பெறாவிட்டாலும் மூன்றில் ஒரு பங்கு. இதற்கு இரு தரப்பும் ஒப்பந்தம் போட வேண்டும். மாநகராட்சி கேட்பு அனுப்பினால்தான் பணம் வரும். கேட்காமல் யாரும் கட்ட மாட்டார்கள். ஒன்றிய அரசுக்குச் சொந்தமானாலும் தனி நிறுவனமாகப் பதிவானவைக்கு 285-வது பிரிவின் பாதுகாப்பு கிடையாது. அவை வரியே கட்ட வேண்டும். மணலியில் இருக்கும் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை அந்த வகை நிறுவனம்தான்.

எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னரில் போகும் இறக்குமதிச் சரக்குக்குச் சுங்க வரி இருக்கிறது, ஜிஎஸ்டி இருக்கிறது. லாரிக்கு மோட்டார் வாகன வரி இருக்கிறது. ஒன்று டெல்லிக்கு, ஒன்று பாதிப் பாதி, ஒன்று கோட்டைக்கு. தூசியும் உடைந்த ஓரத் தெருவும் உங்களுக்கு. இந்த அநீதியை எழுதிக் கேளுங்கள், உரக்கக் கேளுங்கள்.

நீதிமன்றம் போவதானால்

பணத்தைப் பங்கிடச் சொல்லிப் போகாதீர்கள்; கடமையைச் செய்யச் சொல்லிப் போங்கள். மத்தியப் பிரதேசத்தின் ரத்லாம் நகரில் திறந்த சாக்கடை நாற்றம் தாங்காமல் குடியிருப்போர் வழக்குப் போட்டார்கள். “எங்களிடம் நிதி இல்லை” என்றது நகராட்சி. பொதுச் சுகாதாரக் கடமையிலிருந்து தப்பிக்க நிதிப் பற்றாக்குறை சாக்காகாது என்று நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் 1980இல் தீர்ப்பளித்தார். அந்த வழக்கு தொடங்கியது உயர் நீதிமன்றத்தில் இல்லை. பொதுத் தொல்லையை நீக்கக் கோரி நிர்வாக நடுவர் முன் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-வது பிரிவின் கீழ். இப்போது அது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-வது பிரிவு. செலவு குறைவு. அதற்கும் அசைவு இல்லையென்றால் அரசியல் சட்டத்தின் 226-வது பிரிவின் கீழ் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. எதுவானாலும் கையில் ஆவணம் இருக்க வேண்டும்: மாநகராட்சியின் 1913 புகார் எண்ணில் கொடுத்த புகார்களின் பதிவு எண், தேதியோடு கூடிய படங்கள், மண்டல அலுவலகத்தில் கொடுத்த மனுக்களின் ஒப்புகை. வரி நிலுவை வைத்துக்கொண்டு போனால் எதிர்த்தரப்பு முதலில் எடுப்பது அதைத்தான்.

தனி நகராட்சி பற்றி: 2011இல் 9 நகராட்சி, 8 பேரூராட்சி, 25 ஊராட்சி என 42 உள்ளாட்சிகள் சென்னையோடு சேர்ந்தன. உங்களுக்கு என்று தனியாக வந்த மாநில நிதிப் பங்கு அன்றோடு மாநகராட்சிக் கணக்கில் கலந்தது உண்மைதான். பிரிப்பது மாநில அரசின் கையில் இருக்கிறது. கையெழுத்து வாங்கிக் கொடுக்க யாரும் தடுக்க மாட்டார்கள். ஆனால் 3,220 கோடித் திட்டத்துக்குக் கடன் வாங்கும் வலு ஒரு தனி நகராட்சிக்கு இருக்காது. இப்போதைக்கு அதில் உங்கள் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம் என்பது என் கருத்து.

இப்போது செய்ய வேண்டியவை

பாதியில் நிற்கும் வடிகாலுக்குக் காரணம் பணம்தான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பல இடங்களில் தடை வேறாக இருக்கும்: குறுக்கே மின்வாரியத்தின் புதைவடம் இருந்து அதை மாற்ற டெபாசிட் தொகை கட்டாமல் இருப்பது, குடிநீர் வாரியக் குழாய் குறுக்கிடுவது, தண்ணீர் போய்ச் சேரும் கால்வாயின் மட்டம் உங்கள் தெருவை விட உயர்ந்திருப்பது, ஒப்பந்ததாரர் பாதியில் விட்டுப்போவது. எது என்று தெரிந்தால்தான் யாரைக் கேட்பது என்று தெரியும்.

அதற்குத் தகவல் உரிமைச் சட்டம். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி மண்டல அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள், இணையத்திலும் அனுப்பலாம். வேறு துறைக்கு உரியது என்றால் 6(3) பிரிவின்படி ஐந்து நாளில் அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும். “ஏன் கட்டவில்லை” என்று எழுதினால் பதில் வராது. இருக்கும் ஆவணத்தைத்தான் கேட்க வேண்டும். இப்படி எழுதுங்கள்:

1. எங்கள் தெரு வடிகால் பணி எந்தத் திட்டத்தின், எந்த நிதித் தலைப்பின் கீழ் வருகிறது? மதிப்பீடு, நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, பணி ஆணை ஆகியவற்றின் நகல்.
2. இதுவரை செய்த வேலைக்கான அளவுப் புத்தகப் பக்கங்கள், ஒப்பந்ததாரருக்குக் கொடுத்த தொகை, தேதி.
3. மின்வாரியத்துக்கும் குடிநீர் வாரியத்துக்கும் இந்தப் பணிக்காக எழுதிய கடிதங்கள், கட்டிய டெபாசிட் விவரம்.
4. கடந்த மூன்று ஆண்டுகளில் மண்டலத்தின் சொத்து வரிக் கேட்பு, வசூல், நிலுவை. வார்டுவாரி மூலதனச் செலவு.
5. மண்டலத்தில் உள்ள ஒன்றிய அரசுச் சொத்துகளின் பட்டியல், அவற்றுக்குச் சேவைக் கட்டணக் கேட்பு அனுப்பிய தேதி, வந்த தொகை.

30 நாட்களில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு செய்துவிடுங்கள். ஐந்தாவது கேள்வியை வருவாய்த் துறைக்கும் தனி மனுவாக அனுப்புவது நல்லது. எல்லாவற்றையும் ஒரே மனுவில் போட்டால், ஒன்றுக்குப் பதில் இல்லை என்று மொத்தத்தையும் நிறுத்தி வைத்துவிடுகிறார்கள்.

பதில் கைக்கு வந்ததும், வார்டின் ஒவ்வொரு பகுதியிலும் குடியிருப்போர் கூடிப் பேசும் பகுதி சபைக்குப் போங்கள். ஜனவரி 25, ஏப்ரல் 14, செப்டம்பர் 15, டிசம்பர் 10 என்று ஆண்டுக்கு நான்கு நாள் அது கூட வேண்டும். கூட்டம் எங்கே என்று கவுன்சிலர் அலுவலகத்தில் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். வாய்மொழியாகப் பேசிவிட்டு வராமல், உங்கள் கோரிக்கையைக் கூட்டக் குறிப்பில் பதியச் சொல்லி நகல் வாங்குங்கள். மாநகராட்சி பட்ஜெட் மார்ச்சில் வருகிறது. டிசம்பர் கூட்டத்தில் பதிவானால்தான் அது மண்டலக் குழு வழியாகப் பணிப் பட்டியலில் ஏற நேரம் இருக்கும். ஏப்ரலில் கேட்டால் அடுத்த ஆண்டு என்பார்கள். எனவே தகவல் மனுக்களை செப்டம்பருக்குள் அனுப்பிவிடுங்கள். அக்டோபர் வரியைக் கட்டிய 140 ரசீதுகளின் நகலையும் ஒரு கோப்பில் சேர்த்து, தகவல் மனுவின் பதிலோடு டிசம்பர் 10 கூட்டத்துக்கு எடுத்துப் போங்கள்.